மூன்றாம் நாள் காலை பத்து மணிச் செய்தி

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஆளுங்களத் தேடிக் குடுக்குறா" என்பார். அதைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மா, நான் ஏதோ போலீஸ் வேலை பார்க்கிறேன் என்று நினைத்து, வீட்டைவிட்டுப் போன தன் மருமகனின் போட்டோவை என் கையில் கொண்டுவந்து திணித்துவிட்டார். அட கடவுளே! "அம்மா, நான் மனுஷங்களத் தேடுறதில்ல. கடையைத் தேடுற மனுஷங்களுக்கு வழி காட்டுறேன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்று போட்டோவை வைத்துவிட்டுப் போனார்.

விஷயம் இவ்வளவுதான். சின்னக் கடைக்காரர்கள் ஆசை ஆசையாக ஒரு வெப்சைட் போட்டு வைத்திருப்பார்கள். அது கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு அலமாரியில் பூட்டி வைத்த மாதிரி. ஒருவரும் பார்க்க மாட்டார்கள். போனில் தேடுகிறவன் கண்ணில் அந்தக் கடை முதலில் படும்படி செய்வதுதான் எங்கள் வேலை. மலேசியாவில், எங்கள் சுங்கைப்பட்டாணியில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில், அந்த வேலையைப் பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றால், போன மாதம் ஆபீஸ் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் போனிடம் கேள்வி கேட்டால் அது பத்துக் கடைப் பட்டியல் காட்டுவதில்லையாம். தானே ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறதாம். "ஆன்ட்டி, நம்ம பொழப்பு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். முதலில், ஆன்ட்டி என்று கூப்பிடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்தது, அந்தப் புது வித்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் செய்த ஒரு தப்பு. அதை முழுசாகச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாயால் சொல்லும்போது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய காலத்தை ரொம்ப இழுக்கவில்லை. அலோர்ஸ்டாரில் டெலிபோன் டைரக்டரிக்கு விளம்பரம் பிடிக்கும் வேலை. பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் ஒருநாள் பீடோங், ஒருநாள் பெண்டாங். "தடிச்ச எழுத்துல போடவா, பெட்டி கட்டிப் போடவா?" என்று கடை கடையாகக் கேட்பேன். தலையணை கனத்துக்கு இருந்த டைரக்டரி வருஷத்துக்கு வருஷம் இளைத்து, கடைசியில் ஒரு கேக் வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்த வயதில் என்னை வேலைக்கு எடுத்தவர் கதிரேசன். அவருக்கு முப்பத்தொன்று. கோபம் வந்தால் தம்பி என்பேன், மற்ற நேரத்தில் போஸ், முதலாளி ஆச்சே. அவர் என்னை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் அவர் என்னைக் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. பீடோங்கில் ஒரு டயர் கடை. அந்தக் கடைக்காரர் தன் வெப்சைட்டில் 'முழுமையான வாகனத் தீர்வு மையம்' என்று போட்டு வைத்திருந்தார். போஸ் என்னை அந்தத் தெருவில் இறக்கிவிட்டு, "மூணு பேர்கிட்ட டயர் பஞ்சர், எங்க ஒட்டுவாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதுங்க. திருத்தக் கூடாது" என்றார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: பாலம் தாண்டி, பச்சைக் கதவு, டயர் கடை. தீர்வு மையம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. எப்படி வரும்? பஞ்சர் ஆனவன் நடு ரோட்டில் நின்றுகொண்டு தீர்வையா தேடுவான்?

இன்னொரு சட்டம், மேப்பில் குறி வைக்கும்போது கடை வாசலில் போய் நிற்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்தபடி வைக்கக் கூடாது. நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக உட்கார்ந்தபடியே வைத்தேன். இரண்டு லாரி செம்பனைத் தோட்டத்துக்குள் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டது. லாரிக்காரன் போனில் என் பரம்பரையையே இழுத்தான். போஸ் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், திரும்பப் போட்டுக்கொண்டு கேட்பார்: "எங்க நின்னு பார்த்தீங்க, அக்கா?" அவ்வளவுதான். அதற்கு நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

எல்லாக் கடைக்கும் அவர் ஒரு தாள் வைத்திருந்தார். ஏழு கேள்வி. என்ன விற்கிறீர்கள் என்பது அதில் கிடையாது. ஜனங்கள் உங்களிடம் வரும்போது என்ன அவசரத்தில் வருகிறார்கள், எந்த மொழியில் கேட்கிறார்கள், உங்களைக் கண்டுபிடிக்காவிட்டால் யாரிடம் போவார்கள், இப்படிப் போகும். பெண்டாங்கில் நெல் அறுக்கும் மிஷின் ரிப்பேர் செய்பவருக்கு அந்தத் தாளால்தான் விடிந்தது. அவரைத் தேடுகிறவர்கள் வயல்காரர்கள், மலாயில் தேடுகிறவர்கள். அவரோ மாலை போட்ட தன் போட்டோவும் அழகான தமிழுமாக வைத்திருந்தார். ஆறாவது கேள்வி மட்டும் கொஞ்சம் விசித்திரம்: 'வேலை முடிந்து போகும்போது வாடிக்கையாளர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்?' போகும்போது சொல்கிற வார்த்தைதான் மனசில் நிற்கும், அதைத்தான் மற்றவர்களிடமும் சொல்வார்கள் என்பது போஸின் கணக்கு. வாடிக்கையாளருக்கு நாம் அனுப்பும் செய்தியும் அந்த வார்த்தைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பார்.

அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கடையைப் பற்றி ஜனங்கள் நாலு நல்ல வார்த்தை எழுதி, ஐந்து நட்சத்திரம் கொடுத்தால்தான் தேடும்போது அது மேலே வரும். நம்ம ஆட்கள் வாயால் புகழ்வார்கள், எழுதச் சொன்னால் "ஆங், எழுதுறேன்லா" என்று நழுவுவார்கள். அதனால் வேலை முடிந்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, வாடிக்கையாளரின் போனுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும்படி செய்து வைத்திருந்தோம். அந்தச் செய்தியை எழுதியது நான். நல்ல தமிழில், அன்பாக, கடைசியில் ஒரு சிரிக்கும் முகப் பொம்மையோடு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. டயர் கடைக்கு அதுதான், கேக் கடைக்கு அதுதான், கீழே இருக்கிற சேலைக் கடைக்கும் அதுதான். கடையின் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவேன். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

முனுசாமி அண்ணன் எங்கள் ஆபீஸுக்கு வந்தது ஒரு மத்தியானம். மாடி ஏறி வந்தவர் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். கண்ணாடிக் கதவு, உள்ளே நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம், அவர் பாட்டுக்கு நிற்கிறார். நான் போய், "உள்ள வாங்கண்ணே, ஏன் நிக்கிறீங்க?" என்றேன். "கூப்பிடாம எங்கயும் உள்ள வந்து பழக்கமில்ல, தங்கச்சி" என்றார். அறுபது வயது. பீடோங்கில் சாவுக் காரியம் பார்க்கிறவர். வாசலில் கூடாரம் போடுவதிலிருந்து பாடை கட்டுவது, வேன், பூ, பண்டாரம், கடைசியில் அஸ்தி கரைக்கிற வரை எல்லாம் அவர் பொறுப்பு.

"பெரியவங்க இருந்த வரைக்கும் ஆள் விட்டுக் கூப்பிடுவாங்க" என்று சொன்னார். "இப்போ பிள்ளைங்க கோலாலம்பூர்ல, ஜொகூர்ல, சிங்கப்பூர்ல. இங்க தோட்டத்துல அப்பா போயிட்டாருன்னா, அவன் பஸ்ல இருந்தே போனைத் தட்டுறான். பினாங்குல இருந்து ஒரு பெரிய கம்பெனி வேன் வருது. போன வாரம் என் வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளி ஒரு சாவு. என் சிநேகிதன். பிள்ளைக்கு என்னைத் தெரியாது. அந்த வேன் வழி தெரியாம சுத்திட்டு வர்ற வரைக்கும் அவன் அப்படியே கெடந்தான், தங்கச்சி. நான் கதவுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கூப்பிடாம எப்படிப் போறது?"

அவருக்கும் ஒரு வெப்சைட் இருந்தது. தாமரைப் பூ, குத்துவிளக்கு, 'அமைதியான இறுதிப் பயணம்'. அப்பா செத்துப்போன பையன் பஸ்ஸில் உட்கார்ந்து அமைதியான இறுதிப் பயணம் என்றா தட்டுவான்? ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டால், அவர் வீட்டம்மா போட்ட உத்தரவு. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், வெப்சைட்டில் சாவு கருமாதி என்ற வார்த்தையெல்லாம் வரவே கூடாதாம். நான் நேரில் போய்ப் பேசிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வாதாடி, இங்கிலீஷில் எழுதினால் தோஷம் இல்லை, மலாயில் எழுதினாலும் பரவாயில்லை என்று அந்தம்மா ஒரு முடிவுக்கு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் நல்லதாகப் போயிற்று. ஜனங்கள் தட்டுவதும் அந்த இரண்டு மொழியில்தான். சுற்றியிருக்கிற தோட்டங்களின் பெயர், கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களின் பெயர் எல்லாம் போட்டோம். நாற்காலி, கூடாரச் சாமானெல்லாம் வைத்திருக்கும் அவர் கொட்டகை வாசலில் நின்று மேப்பில் குறி வைத்தேன்.

ஏழு கேள்வித் தாளையும் நிரப்பினேன். ஆறாவது கேள்வி வந்தபோது பேனா நின்றது. வேலை முடிந்து போகும்போது வாடிக்கையாளர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்? இதை எப்படி இவரிடம் கேட்பது? கூச்சமாக இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் போன் வர ஆரம்பித்தது. முதல் போன் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, வந்துச்சு!" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "பாவம், ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன மனுஷன். எண்பது வயசு" என்றார். சந்தோஷப்படவும் முடியாத தொழில். அடுத்தடுத்த காரியங்களுக்கு நான் கேட்டபடி அந்தந்த வீட்டு நம்பரை, எதற்கென்று கேட்காமலே எங்களுக்கு அனுப்பி வைத்தார். நான் எல்லாக் கடைக்கும் செய்கிற மாதிரி அவர் கடையையும் அந்த மூன்றாம் நாள் பட்டியலில் சேர்த்தேன். பெயரை மாற்றினேன், பொத்தானை அழுத்தினேன், டீ குடிக்கப் போய்விட்டேன்.

மெர்போக்கில் ஒரு குடும்பம். அப்பாவும் மகனும் மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி மோதி, அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். பத்தொன்பது வயது மகன் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சையில், கண் திறக்கவில்லை. அப்பாவின் காரியத்தை முனுசாமி அண்ணன்தான் எடுத்துச் செய்தார். தகனத்துக்கு மூன்றாம் நாள் காலை, அஸ்தி கரைத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். செத்தவரின் தம்பிக்குப் போனில் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ என்று பதறி, அவர் சத்தமாகவே படித்துவிட்டார்.

'எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்! உங்கள் குடும்பத்துக்கு மீண்டும் சேவை செய்ய ஆவலோடு காத்திருக்கிறோம்.' பக்கத்தில் அந்தச் சிரிக்கும் முகம்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று நம் ஜனங்களில் ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. பேசாமல் எழுந்து போய்விடுவோம். இது தெரியாமல் வளர்ந்தவளா நான்? பாவி, தெரிந்த கைதான் அதை எழுதி அனுப்பியது.

அந்தத் தம்பிக்காரர் நேராக பீடோங்குக்குப் போய், கொட்டகையில் அடுக்கியிருந்த நாற்காலிகளை உதைத்துத் தள்ளியிருக்கிறார். "இன்னொரு பொணத்துக்குக் காத்திருக்கியாடா?" என்று கேட்டிருக்கிறார். முனுசாமி அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு செய்தி போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. எனக்குப் போன் செய்து, "என்னம்மா அனுப்புன நீ என் பேருல?" என்றார். அவ்வளவு நிதானமாகக் கேட்டார். நான் அந்தச் செய்தியைத் திறந்து படித்தேன். மூன்று வருஷமாக என் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த வரி. போஸைக் கூப்பிட்டேன்.

போஸ் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் செய்தியைத் தாளில் அச்சடித்து என் கையில் கொடுத்து, "சத்தமா படிங்க, அக்கா. டயர் கடையில நிக்கிற மாதிரி" என்றார். படித்தேன். "கேக் கடையில." படித்தேன். "இப்போ அந்த வீட்டு வாசல்ல." தாளை மடித்துவிட்டேன். பிறகு முனுசாமி அண்ணனின் ஏழு கேள்வித் தாளை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஆறாவது வரி வெறுமையாக இருந்தது. கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே சரிபார்த்தவர் என்று அவர் கையெழுத்து. தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "நானும் பாக்கல" என்றார். என்னைத் திட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. "போன் பண்ணி மன்னிப்புக் கேக்காதீங்க. போன்லதான் இது நடந்துச்சு. நேர்ல போவோம்" என்று கார் சாவியை எடுத்தார்.

வழியில் முனுசாமி அண்ணனையும் ஏற்றிக்கொண்டோம். மெர்போக் போய்ச் சேர்ந்தோம். ரப்பர் மரங்களுக்குப் பக்கத்தில் பலகை வீடு, வாசல் கூடாரத்தை இன்னும் பிரிக்கவில்லை. முனுசாமி அண்ணன் போட்ட கூடாரம். அவர் காரை விட்டு இறங்கி ரோட்டிலேயே நின்றுவிட்டார். "உள்ள ஒரு உசுரு ஊசலாடுது. இப்போ என் கால் அந்த வாசல்ல படலாமா? நீ போ, தங்கச்சி. நான் இங்க நிக்கிறேன்னு மட்டும் சொல்லு." போஸ் அவரோடு நின்றார். நான் தனியாகப் போனேன்.

பிள்ளையின் அம்மா பாய்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். நான் யாரென்று சொன்னதும் அந்தத் தம்பிக்காரர் எழுந்து வந்தார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நீதான் எழுதுனியா?"

"நான்தாம்மா. அவருக்குத் தெரியாது. கடைக்கெல்லாம் அனுப்புறதை யோசிக்காம உங்களுக்கும் அனுப்பிட்டேன்."

"காத்திருக்கோம்னு எழுதியிருக்க. எதுக்குக் காத்திருக்க? சொல்லு."

என்ன சொல்ல? மிஷின் அனுப்பியது என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். "ஒண்ணுத்துக்கும் இல்லம்மா. அர்த்தம் இல்லாம எழுதினேன். தப்பு என்னோடதுதான்" என்றேன். காலில் விழலாம் என்று குனிந்தேன். "விழாத. இந்த வீட்டுல இப்போ யாரும் யார் கால்லயும் விழ வேணாம்" என்றார்.

"அதை அழிச்சிடுங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"அழிக்க மாட்டேன். என் மவன் எந்திரிச்சு வந்து படிப்பான். காத்திருக்கிறவங்களுக்கு அவன் பதில் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். நீ போ."

நான் பேசாமல் எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலமே எல்லாக் கடைக்கும் போகிற அந்தச் செய்தியை நிறுத்தினோம். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக எழுதி, கடைக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் அனுப்பினோம். முனுசாமி அண்ணனின் பெயரில் ஒன்றுமே அனுப்பவில்லை. ஆனால் அதெல்லாம் எங்கள் மன ஆறுதலுக்கு. தம்பிக்காரர் செய்தியைப் படம் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டுவிட்டார். மெர்போக் பக்கமிருந்து முனுசாமி அண்ணனை ஒருவரும் கூப்பிடவில்லை. முப்பது வருஷப் பெயர், என் ஒரு வரியில் போயிற்று. அவர் ஒரு நாள்கூட என்னைக் குத்திப் பேசவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

அதைவிடக் கொடுமை, அந்தப் பையன் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. யார் போய்க் கேட்பது? சாவுக் காரியம் பார்க்கிறவர் போன் செய்து, உங்க பையன் எப்படி இருக்கான் என்று விசாரித்தால் எப்படி இருக்கும்! நான் கேட்டாலும் அதே கதைதான். ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம் என்றேன். "யாரு நீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார் போஸ். முனுசாமி அண்ணன் ஒருநாள் மனசு விட்டுச் சொன்னார்: "முன்னெல்லாம் மெர்போக் போன் வரலியேன்னு கவலைப்படுவேன். இப்போ வந்துருமோன்னு பயமா இருக்கு, தங்கச்சி. எத்தனையோ பிள்ளைங்களத் தூக்கியிருக்கேன். இந்தப் பிள்ளையைத் தூக்க என்னால முடியாது." எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சாமி கும்பிடும்போது என் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் பெயர் வந்தது. அவன் அப்பாவின் காரிய நோட்டீஸில் 'அன்பு மகன்' என்று படித்த பெயர். பிரவின்.

நான்கு மாதம் போயிருக்கும். எங்கள் ஆபீஸில் காலை முதல் வேலை, ஒவ்வொரு கடையின் பக்கத்தையும் திறந்து, புதிதாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. கெட்ட மாதிரி எழுதியிருந்தால் ஒரு நாளுக்குள் பதில் போட்டாக வேண்டும், அதுவும் போஸின் சட்டம். என் பக்கத்து மேஜைப் பெண் திடீரென்று, "ஐயையோ, முனுசாமி அங்கிளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருக்கான்லா!" என்றாள். "யாருடா அவன், ரிப்போர்ட் பண்ணித் தூக்கிடலாமா?" என்று இன்னொருவன்.

நான் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு நட்சத்திரம். பிரவின்.

'அப்பா காரியத்துல ஒரு குறையும் இல்ல. நல்லா செஞ்சாங்க. ஆனா நீங்க அனுப்புன மெசேஜ்ல காத்திருக்கோம்னு போட்டிருந்தீங்க. அது நான்தான்னு அம்மா சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு கால் மட்டும் இன்னும் சரியா ஊன முடியல. காத்திருக்க வேணாம்.'

நான் போட்ட கூச்சலில் கீழே சேலைக் கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். ஒரு நட்சத்திரத்துக்கு இப்படி அழுகிற பொம்பளையை அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. போஸ் எழுந்து வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை, கண்ணைத் துடைத்தார். "பதில் போடணும். நாம எழுத வேணாம். அவரைக் கேளுங்க" என்றார்.

முனுசாமி அண்ணனுக்குப் போன் செய்து, நம்பரைப் பார்த்துப் பயந்துவிடப் போகிறாரே என்று, எடுத்த எடுப்பிலேயே "நல்ல சேதிண்ணே" என்று சொல்லி, படித்துக் காட்டினேன்.

"அவனே எழுதினானா?" என்றார்.

"அவனேதாண்ணே. பேரு போட்டிருக்கான்."

"கையால எழுதினானா?"

"ஆமாண்ணே, கையாலதான்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பதில் எழுதணும்ணே, என்ன எழுத என்றேன். பிள்ளைகள் எல்லாரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதலாமா, அந்த நட்சத்திரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அவர் யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. எழுதி முடித்து, சத்தமாக அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே போட்டேன்:

'சரி தம்பி. நாங்க வர மாட்டோம். நீங்க நல்லா இருங்க.'